எந்தக் காலைத் தூக்குகிறாள்

ஹூனா, கெயித்னஸ்
9 மே 1981

மர்டோ ஸ்வான்சன் அவர்களுக்கு,

உன் அண்ணன் மனைவி டோலினா எழுதுவது. உறையைப் பிரிக்காமல் கடலில் வீசலாமா என்று உனக்குத் தோன்றும். வீசு, ஆனால் படித்துவிட்டு வீசு.

உன் அண்ணன் எர்லண்டை அடக்கம் செய்த அன்று என் வீட்டுக் கூடத்தில், கையில் நான் செய்த ரொட்டியை வைத்துக்கொண்டு, ஊரே கேட்க நீ சொன்னது எனக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அண்ணி, அந்தப் பறவைய எங்கிட்ட குடுத்துடுங்க. உங்க கையில அது ஒரு வருஷம் தாங்காது." ஆறு மாதம் ஆகிறது. கிரிசல் உயிரோடுதான் இருக்கிறாள். உன்னிடம் கேட்க வேண்டி வந்ததே என்று எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் வல்லூறின் காலைப் பற்றித் தெரிந்தவர் உன்னை விட்டால் யாரும் இல்லை. இருந்த ஒருவரை மண்ணுக்குள் வைத்துவிட்டோம்.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரு பாதத்தின் அடியில், நடுவில், பட்டாணி அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஏப்ரல் முழுக்க அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "ஒத்தக் கால்ல நிக்குதுன்னா நிம்மதியா இருக்குன்னு அர்த்தம், டோலி" என்று எர்லண்ட் சொல்வார் இல்லையா, நானும் அதை நம்பிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் அவளைக் கையில் ஏற்றியபோதுதான் நொண்டுவதைப் பார்த்தேன்.

துர்சோவிலிருந்து கால்நடை மருத்துவர் கால்டர் வந்தார். ஒரு களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். "ஜூலை கடைசி வரைக்கும் பாப்போம். ஆறலைன்னா எலும்புக்குப் போயிடும். அப்புறம் ஒரே ஊசிதான், வலிக்காது" என்றார். அவருக்கு வலிக்காது, சரி.

பறவையை அனுப்பு என்று எழுதாதே. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. நான் செய்துகொள்கிறேன். செப்டம்பரில் காட்டுக்கோழி வேட்டைக்கு அவளைப் பறக்கவிட்டே தீருவேன்.

டோலினா ஸ்வான்சன்


ஸ்கெரி கலங்கரை விளக்கம்
17 மே

அண்ணிக்கு,

கடிதம் நேற்றுச் சாமான் படகில் வந்தது. படகு திரும்புவதற்குள் எழுதுகிறேன்.

முதல் கேள்வி. அவள் எந்தக் காலைத் தூக்குகிறாள்? மாற்றி மாற்றித் தூக்கினால் அது நிம்மதி. எப்போதும் ஒரே காலைத் தூக்கினால் அது வலி. அண்ணன் பாதியைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். மீதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தாலே தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஆள்.

இரண்டாவது, எடை. இறகு உதிர்க்கும் மாதங்களில் சும்மா உட்கார்ந்து தின்று பெருத்திருப்பாள். அவ்வளவு பாரமும் உள்ளங்காலில்தான் இறங்கும். கோழிக்குஞ்சைக் குறைத்து முயல் கறி கொடுங்கள், கொழுப்பை அரிந்துவிட்டு. கொடுக்கும்போது சும்மா தட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தரையிலிருந்து உங்கள் கையுறைக்குத் தாவ வேண்டும். நாளைக்கு இருபது தடவை.

மூன்றாவது, பின் நகம். வளர்ந்து வளைந்திருந்தால் அவள் பிடியை இறுக்கும்போது அவள் நகமே அவள் உள்ளங்காலைக் குத்தும். நுனியை வெட்டி அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும். ஒருவர் துண்டில் சுற்றி இறக்கையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தொப்பி போட்டு. தனியாகச் செய்யாதீர்கள். உங்களுக்கு ஒரு விரல் குறையும்.

காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊற வையுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுக் களிம்பு. பொருக்கை நோண்டக் கூடாது. எச்சம் பட்ட இடத்தில் அவள் நிற்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அவள் உட்காரும் அந்தக் கட்டையை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வையுங்கள்.

பறவையை அனுப்பச் சொல்லவில்லை. அனுப்பினாலும் இங்கே பாறையில் வைக்க இடமில்லை.

மர்டோ


ஹூனா
24 மே

மர்டோ,

இடது கால். எப்போதும் இடது கால்தான். மூன்று நாள் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். வலதை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. ஏப்ரல் முழுக்க அவள் வலியில் நின்றிருக்கிறாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டு, ஆகா, எவ்வளவு நிம்மதி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

எடை இரண்டு பவுண்டு பதினோரு அவுன்ஸ். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஊட்டி ஊட்டி வளர்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். இன்றிலிருந்து முயல்தான்.

பிடிப்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது. தபால் கொண்டுவரும் ஐனா பெக். "பசு மாட்டக் கட்டிப் பிடிச்சு ஊசி போட்டவ நான். இந்தக் குருவிக்கா பயப்படுவேன்?" என்று சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். துண்டைப் போர்த்தும் வரைக்கும்தான் அந்த வீரம். குருவி இவள் முழங்கையில் ஒரு பிடி பிடித்தது. ஐனா வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நம் போதகர் கேட்டிருந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கத் தலைப்பே அதுதான். ஆனாலும் விடவில்லை. மூன்று நகம் சரியாக வெட்டினேன். நான்காவது ஆழமாகப் போய் இரத்தம் வந்துவிட்டது. ஐனா மாவு டப்பாவைத் தூக்கி வந்து அப்பி நிறுத்தினாள். பின் நகம் நீ சொன்னது போலத்தான், கொக்கியாக வளைந்திருந்தது.

இப்போது தினமும் இரண்டு வேளை, நான் அடை சுடும் தட்டில் கிரிசல் கால் ஊறுகிறது. முதல் நாள் தட்டைக் கவிழ்த்தாள். நான்காம் நாளிலிருந்து பேசாமல் நிற்கிறாள். வெதுவெதுப்பு பிடித்திருக்கிறது போல.

கட்டையை எடுக்க மாட்டேன். நீயே கடைந்து உன் அண்ணனுக்கு ஐம்பதாவது பிறந்த நாளுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்திலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் அதைத் துடைப்பார். இப்போது நான் துடைக்கிறேன். இந்த வீட்டில் அவர் கை பட்ட பலவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். சட்டைகளைக்கூடக் கொடுத்துவிட்டேன். அதில் கை வைக்க மாட்டேன். தினமும் எச்சத்தைக் கழுவித்தான் வைக்கிறேன். அதைவிடச் சுத்தமான இடம் அவளுக்கு எங்கே கிடைக்கும்?

டோலினா

ஐனா சொல்கிறாள், நீ நவம்பரிலிருந்து கரைக்கே வரவில்லையாம். மற்ற காவலர்களின் முறையையும் வாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கிறாயாம். எனக்கென்ன, கேள்விப்பட்டதைச் சொன்னேன்.


ஸ்கெரி
7 ஜூன்

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன். இப்போது எழுதுவதைத் திரும்பப் படிக்காமல் படகில் போட்டுவிடுவேன்.

அந்தக் கட்டைதான் அவள் காலைக் கெடுத்தது.

தேக்கு மரம். ஏதோ கப்பலிலிருந்து விழுந்து இந்தப் பாறையில் ஒதுங்கியது. குளிர்காலம் முழுக்கக் கடைந்தேன். மேல்பக்கத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து ஏழு பூச்சு வார்னிஷ் அடித்தேன். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான், அதனால் அறிவு வேலை செய்யவில்லை. வல்லூறுக்குச் சொரசொரப்பு வேண்டும். மேடு பள்ளம் வேண்டும். அப்போதுதான் பாரம் பாதம் முழுக்கப் பிரியும். வழவழ என்று தட்டையாக இருந்தால் எப்போதும் ஒரே இடத்தில்தான் அழுத்தம். அந்த இடம் செத்துப் புண்ணாகிவிடும். இது எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும். தெரிந்தும் செய்தேன், அழகாக இருக்க வேண்டும் என்று.

கொடுத்த அன்றே அண்ணனிடம் சொன்னேன், "மேல ஏதாவது முரடா ஒண்ணு அடிச்சுடு". அவர் சிரித்தார். "நீ செஞ்சத மூடி வைக்கச் சொல்றியா, போடா" என்றார். நானும் விட்டுவிட்டேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவர் இருந்தவரைக்கும் கால் பிழைத்தது, தினமும் பறந்தாள், கையில் இருந்தாள், புல்லில் இருந்தாள், கட்டையில் இருந்தது கொஞ்ச நேரம். அவருக்குப் பிறகு முழு நாளும் அதில்தான் நின்றிருப்பாள். உங்களைப் பொறுத்தவரை இருந்ததிலேயே நல்ல இடம் அது.

ஆக, ஒரு வருஷம் தாங்காது என்று உங்களைச் சொன்னவனும், தாங்காதபடி செய்து கொடுத்தவனும் நான்தான். அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் அப்படிப் பேசியபோது அந்தக் கட்டை ஜன்னலுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. வெயிலில் மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

மேலே ஏதாவது அடியுங்கள். முரட்டுக் கயிறு, மிதியடி, எது கிடைத்தாலும். கழுவிக் காய வைத்து மாற்ற இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடிக்கத் தயங்காதீர்கள். அது வெறும் கட்டை.

மர்டோ


ஹூனா
14 ஜூன்

மர்டோ,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபத்தோடு கிரிசல் காலைக் கழுவ முடியாது என்பதால் உன் மேல் இருந்த கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தேன். அங்கேயே இருக்கிறது, எங்கும் போகவில்லை.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை மர்டோ. பஞ்சு வைத்துத் துடைத்தேன். அவர் துடைத்த மாதிரியே வட்டமாகத் துடைத்தேன். அவள் பாதத்துக்கு அடியில் அதை இன்னும் வழவழப்பாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் துர்சோவுக்குப் பேருந்து ஏறினேன். மிதியடியெல்லாம் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை. இறைச்சிக் கடை முன்னால் நின்றபோது கண்ணாடிக்கு உள்ளே தொத்திறைச்சிக்கு நடுவில் விரித்திருக்கும் அந்தப் பச்சை பிளாஸ்டிக் புல் கண்ணில் பட்டது. நல்ல முள்ளு முள்ளாக. உள்ளே போய், அது வேண்டும் என்றேன்.

"எந்தக் கறி, திருமதி ஸ்வான்சன்?"

"கறி வேணாம். புல்லு."

கடைக்காரர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். வரிசை என்னைப் பார்த்தது. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். கால் புண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், சீழ் உட்பட. பின்னால் நின்ற அம்மாள் கீமா வேண்டாம் என்று போய்விட்டார். கடைக்காரர் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்து, தயவு செய்து சனிக்கிழமைகளில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை எட்டு ஆணி. முதல் ஆணி வார்னிஷில் இறங்கியபோது ஒரு சத்தம் வந்தது, பனிக்கட்டி உடைகிற மாதிரி. கையை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மீதி ஏழு ஆணியையும் அடித்தேன். பார்க்க மகா கண்றாவியாக இருக்கிறது. கிரிசல் ஏறி, இரண்டு தடவை கால் மாற்றி வைத்து, இறகை உதறிவிட்டு நின்றாள்.

எடை இரண்டு பவுண்டு ஏழு. பொருக்கின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது.

டோலினா


ஸ்கெரி
28 ஜூன்

அண்ணி,

இறைச்சிக் கடைப் புல்லை இங்கே தலைமைக் காவலருக்குப் படித்துக் காட்டினேன். மன்னிக்கவும், அந்த ஒரு பத்தி மட்டும். மனிதர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

சிரிப்புக்கு நடுவில் எனக்கு வேறொன்று உறைத்தது, அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. நாம் இருவரும் ஒன்றரை மாதமாக இடது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாரம் முழுவதையும் தாங்கி நிற்பது எது? வலது. அதை யாராவது திருப்பிப் பார்த்தோமா? முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். புண் வந்த கால் பிழைத்து, நல்ல கால் போய்ச் செத்த பறவைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்றே பாருங்கள். சிவந்திருந்தால் அதற்கும் அதே உப்புத் தண்ணீர். வட்டமாக ஒரு மெத்தை, நடுவில் ஓட்டை போட்டு, புண் ஓட்டைக்குள் வருகிற மாதிரி வைத்துக் கட்டுங்கள். இரண்டு காலுக்கும்.

மர்டோ


ஹூனா
9 ஜூலை

மர்டோ,

வலது கால் சுடுகிறது. உள்ளங்காலில் தோல் வரியெல்லாம் தேய்ந்து இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. புண் இன்னும் திறக்கவில்லை.

கால்டர் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "ரெண்டு காலும்னா எதுக்குங்க இழுத்தடிக்கணும். பை கொண்டு வந்திருக்கேன். இப்பவே முடிச்சுடலாம்."

"ஜூலை கடைசின்னு சொன்னீங்க. இன்னிக்குத் தேதி என்ன?"

"ஒம்பது."

"அப்ப இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. பைய எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் நல்ல மனிதர்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, காசு கேட்காமல் இன்னொரு டப்பா களிம்பு வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் நான் கொட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எர்லண்டுக்கு அழுதேனா கிரிசலுக்கு அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் கட்டப்பட்ட இடத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவளுக்கு என்ன ஆயிற்று, முயல் எங்கே என்கிற மாதிரி.

எர்லண்ட் நாற்காலியின் மெத்தையை அறுத்துவிட்டேன். உள்ளே நல்ல கனமான பஞ்சு மெத்தை. நாலு வட்டம் கிடைத்தது, இரண்டு மாற்று. ஐனா பிடிக்க, நான் கட்டினேன். இப்போது ஐனாவுக்குத் தபால் இல்லாத நாளிலும் எங்கள் வீட்டுக்குத்தான் வழி. இரண்டு காலிலும் செருப்பு போட்ட மாதிரி நிற்கிறாள் கிரிசல். ஐனா அவளை "சீமாட்டி" என்கிறாள்.

ஒன்று சொல்லட்டுமா. உன் கடிதத்தில், வலது காலை யாராவது திருப்பிப் பார்த்தோமா என்ற வரியைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. அண்ணன் இறந்ததற்கு எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள், சூப் கொண்டு வந்தார்கள், என் கையைப் பிடித்தார்கள். உன்னை யார் பார்த்தார்கள்? நானும்தான் பார்க்கவில்லை. அன்றைக்கு நீ கத்தினாய், நான் கோபப்பட்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதமாகப் பாறையில் நிற்கிறாய்.

சாப்பிடுகிறாயா?

டோலினா


ஸ்கெரி
19 ஜூலை

அண்ணி,

சாப்பிடுகிறேன். தலைமைக் காவலர் வைக்கும் கஞ்சி பசை மாதிரி இருக்கும், ஆனாலும் சாப்பிடுகிறேன்.

அவர் என் ஒரே அண்ணன். அவர் பழக்கிய பறவையில் பாதி அவராகவே இருந்தது, அதனால் கேட்டேன். உங்களுக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

கால் கட்டுகளை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பளபளப்பு போய் வரி திரும்ப வருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வலது உள்ளங்காலில் வரி வந்தால் நாம் ஜெயித்தோம்.

இன்னொரு கட்டை செய்து அனுப்புகிறேன். வார்னிஷ் கிடையாது. மேலே கப்பல் கயிறு சுற்றியிருக்கிறேன். பார்க்கச் சகிக்காது.

ஆகஸ்டில் என் முறை முடிகிறது. இன்னொருவனுடைய முறையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

மர்டோ


ஹூனா
1 ஆகஸ்ட்

மர்டோ,

நேற்று ஜூலை முடிந்தது. கால்டர் பையோடு வந்தார். ஐனா வேலையை விட்டுவிட்டு வந்து கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவரை உள்ளே விடலாமா வேண்டாமா என்கிற மாதிரி.

கால் கட்டுகளைப் பிரித்தோம். இடது காலில் பொருக்கு கட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. அடியில் புதுத் தோல், குழந்தைத் தோல் மாதிரி. வலது காலில் வரி திரும்பிவிட்டது. நானும் தடவினேன், கால்டரும் தடவினார். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "யாருங்க இதுக்கு வைத்தியம் பாத்தது?" என்று கேட்டார்.

"என் கொழுந்தன்" என்றேன். "பாறையில இருக்கான்."

ஐனா தொண்டையைச் செருமினாள். "நானும்தான்" என்றேன். இன்னும் செருமினாள். "ஐனாவும்தான்."

இன்னும் பாதி வேலை இருக்கிறது. எடை இரண்டு பவுண்டு நாலு, இறகெல்லாம் வந்துவிட்டது, ஆனால் உடம்பில் பலமில்லை. செப்டம்பரில் மலையில் பறக்க வேண்டுமென்றால் இப்போதிருந்தே தினமும் நீளக் கயிற்றில் பறக்கவிட்டுப் பழக்க வேண்டும். அதற்கு வயலின் அந்தக் கோடியில் ஓர் ஆள் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இந்தக் கோடியில் ஓர் ஆள் கையை நீட்டிக் கூப்பிட வேண்டும். ஐனா தபால் கொடுத்தாக வேண்டும். இது தனியாக ஆகிற காரியமில்லை.

ஆகவே அந்த இன்னொருவனுடைய முறையை அவனே செய்துகொள்ளட்டும். நீ கயிறு சுற்றிய கட்டையைப் படகில் அனுப்பாதே. நீயே தூக்கிக்கொண்டு வா. எர்லண்ட் நாற்காலியில் மெத்தை இல்லை, சமையலறை முக்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வந்த பிறகு கத்திக்கொள்ளலாம்.

கடிதத்தை மூடும் முன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலை வெயிலில் அவள் உன் கட்டையின் மேல், இறைச்சிக் கடைப் புல்லின் மேல் நிற்கிறாள். கழுத்தை உள்ளே இழுத்து, இறகைத் தளர்த்தி, கண்ணைப் பாதி மூடி, வலது காலை மெதுவாக மடக்கி வயிற்று இறகுக்குள் வைத்துக்கொண்டாள். புண் வந்த இடது காலில் மட்டும் நிற்கிறாள், மர்டோ. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். பதினோரு நிமிடம் ஆகிறது, தூக்கிய காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

அண்ணி